அரசு போடும் ஜாமீன் கையெழுத்து: பட்ஜெட்டில் தெரியாத கடன் எப்போது சுமையாகிறது?

புதுடெல்லி: ஏர் இந்தியா நிறுவனம் டாடா குழுமத்துக்கு விற்கப்படுவதாக 2021 அக்டோபர் 8-ஆம் தேதி அறிவிக்கப்பட்டபோது, ரூ. 18,000 கோடி என்ற விலையே தலைப்புச் செய்தியானது. அதனுடன் வெளியான மற்றொரு கணக்கு அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. 2021 ஆகஸ்ட் 31 நிலவரப்படி அந்நிறுவனத்தின் மொத்தக் கடன் ரூ. 61,562 கோடி. அதில் டாடா குழுமம் ஏற்றுக்கொண்டது ரூ. 15,300 கோடி மட்டுமே. அரசின் கைக்கு ரொக்கமாக வந்தது ரூ. 2,700 கோடி. எஞ்சிய ரூ. 46,262 கோடி கடன், மத்திய அரசுக்குச் சொந்தமான மற்றொரு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றப்பட்டது. நிலம், கட்டடம் என ரூ. 14,718 கோடி மதிப்புள்ள சொத்துகளும் அதனுடன் சென்றன. அச்சொத்துகள் அதே விலைக்கு விற்றாலும் கடனின் பெரும்பகுதியை வரிப்பணத்திலிருந்தே அடைக்க வேண்டும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

இந்தக் கடனில் ஒரு பகுதி, அரசின் உத்தரவாதத்தை நம்பி வங்கிகளும் முதலீட்டாளர்களும் கொடுத்தது. உத்தரவாதம் அளிக்கப்பட்ட ஆண்டுகளின் பட்ஜெட்டில் அதற்காக ஒரு ரூபாய்கூடச் செலவு எழுதப்படவில்லை. நிதிப் பற்றாக்குறையும் கூடவில்லை. பல ஆண்டுகள் கழித்து, வேறொரு நிதியமைச்சரின் காலத்தில், முழுத் தொகையும் ஒரே தவணையாக வந்து நின்றது.

அரசு நிதியியலில் இத்தகைய கடமைகள் நிகழ்வுசார் பொறுப்புகள் எனப்படுகின்றன. ஒரு நிகழ்வு நடந்தால் மட்டுமே, அதாவது கடன் வாங்கியவர் தவறினால், வழக்கில் தீர்ப்பு எதிராக வந்தால், வங்கி நொடித்தால் மட்டுமே, அரசு பணம் கொடுக்க வேண்டியிருக்கும். உறவினரின் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுபவரின் நிலை இதுதான். கையெழுத்திடும் நாளில் அவருடைய பையிலிருந்து எதுவும் போவதில்லை. ஆகவே தமக்குக் கடன் எதுவும் இல்லை என்று அவர் மனமாரச் சொல்லிக்கொள்ளலாம்.

இந்தியாவில் மத்திய, மாநில அரசுகள் ரொக்க அடிப்படையில் கணக்கு வைக்கின்றன. பணம் கைமாறினால்தான் செலவு. எனவே ஒரு மாநகரக் குடிநீர்த் திட்டத்துக்கு ரூ. 1,000 கோடி மானியமாகக் கொடுத்தால் அது அந்த ஆண்டின் செலவுக் கணக்கில் ஏறும். அதே தொகைக்கு வங்கிக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தால் ஏறாது. பற்றாக்குறை வரம்பு நெருக்கும் காலத்தில் எந்த நிதித்துறையும் இரண்டாவது வழியையே நாடும். தொடக்கத்தில் இலவசமாகத் தோன்றுவதுதான் உத்தரவாதத்தின் அடிப்படைச் சிக்கல். அதைக் கட்டுப்படுத்த வகுக்கப்பட்ட விதிகள் அனைத்தும் ஏதாவது ஒரு வகையில், அதற்கு முதல் நாளிலேயே ஒரு விலையை ஏற்றிவைக்க முயல்பவை.

தாபோல் தந்த அதிர்ச்சி

மாநில உத்தரவாதங்களின் ஆபத்தை இந்தியா முதன்முதலில் பெரிய அளவில் உணர்ந்தது மகாராஷ்டிரத்தின் தாபோலில். அமெரிக்காவின் என்ரான் நிறுவனம் முன்னின்று அமைத்த மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வாங்க, மகாராஷ்டிர மின் வாரியம் 1993 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்தின் உற்பத்தித் திறனுக்குரிய கட்டணத்தை வாரியம் செலுத்த வேண்டும். டாலர் மதிப்பு உயர்ந்தாலும், எரிபொருளான நாப்தாவின் விலை உயர்ந்தாலும் சுமை வாரியத்துக்கே. வாரியம் தவறினால் மாநில அரசு தரும். மாநிலம் தவறினால், முதல் கட்டத்தைப் பொறுத்தவரை, மத்திய அரசு தரும் என எதிர் உத்தரவாதமும் கையெழுத்தானது.

1999-இல் உற்பத்தி தொடங்கியது. ரூபாய் சரிந்தது, நாப்தா விலை ஏறியது, வாரியத்தால் கட்ட முடியவில்லை. 2001 பிப்ரவரியில் மத்திய அரசின் எதிர் உத்தரவாதத்தையே நிறுவனம் அமலாக்கக் கோரியது. அதே ஆண்டு மே மாதம் நிலையம் நின்றது. டிசம்பரில் என்ரானே திவாலானது. பன்னாட்டு நடுவர் மன்ற வழக்குகள், இந்திய வங்கிகளின் முடங்கிய கடன் என நீண்ட சிக்கலுக்குப் பிறகு, 2005-இல் என்டிபிசி, கெயில் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் பங்கேற்புடன் அமைக்கப்பட்ட ரத்னகிரி நிறுவனம் அதை ஏற்றது.

கட்டணத்தை உயர்த்த முடியாத வாரியம், டாலரில் ஏறும் செலவை எப்படித் தாங்கும் என்ற கேள்வி கையெழுத்திடும் நாளிலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் உத்தரவாதம் இருந்ததால் கடன் கொடுத்தவர்களுக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. வாரியத்தின் நட்டமும் மாநில அரசின் நெருக்கடியும் ஒரே காலத்தில் வரக்கூடியவை என்பதையும் எவரும் கணக்கில் கொள்ளவில்லை. ஜாமீன்தாரரும் கடனாளியும் ஒரே வீட்டில் வசித்தால் வீடு பற்றியெரியும்போது இருவரும்தான் வெளியே நிற்பார்கள்.

மின் வாரியங்களின் நான்கு சுற்றுகள்

தாபோல் ஒரு தனி நிகழ்வு. மின் பகிர்மான நிறுவனங்களின் கதையோ திரும்பத் திரும்ப நிகழ்வது. பொறுப்பு எவ்வாறு கடனாக மாறுகிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

2001-இல், மாநில மின் வாரியங்கள் மத்திய மின் நிறுவனங்களுக்கு வைத்திருந்த பாக்கியைத் தீர்க்க ஒருமுறை ஏற்பாடு என ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. தாமதக் கட்டணத்திலும் வட்டியிலும் 60 சதவீதம் தள்ளுபடியானது. மீதியையும் அசலையும் மாநில அரசுகள் தங்கள் பெயரில் பத்திரங்களாக ஏற்றன. ‘ஒருமுறை’ என்ற சொல் பதினோரு ஆண்டுகளே தாங்கியது.

2012-இல் வந்த மறுசீரமைப்புத் திட்டத்தில், பகிர்மான நிறுவனங்களின் குறுகிய காலப் பொறுப்புகளில் பாதி, முதலில் மாநில உத்தரவாதத்துடன் கூடிய பத்திரங்களாக மாற்றப்பட்டு, பின்னர் சில ஆண்டுகளில் மாநிலத்தின் நேரடிக் கடனாக ஏற்கப்பட வேண்டும் என வகுக்கப்பட்டது. உத்தரவாதம் கடனுக்கு முந்தைய நிலையம் மட்டுமே என்பதை அரசே ஒப்புக்கொண்ட திட்டம் என இதைக் கூறலாம்.

அதுவும் போதவில்லை. 2015 மார்ச்சில் பகிர்மான நிறுவனங்களின் கடன் சுமார் ரூ. 4.3 லட்சம் கோடியை எட்டியிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் உதய் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2015 செப்டம்பர் 30 நிலவரப்படி இருந்த கடனில் 75 சதவீதத்தை, இரண்டு ஆண்டுகளில் மாநிலங்கள் ஏற்க வேண்டும். தமிழ்நாடு 2017 ஜனவரியில் இதில் இணைந்து, தமிழ்நாடு மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தின் ரூ. 22,815 கோடி கடனை ஏற்றுக்கொண்டது. முதல் இரு நிதியாண்டுகளில் ஏற்ற கடன் மாநிலங்களின் பற்றாக்குறை வரம்பில் சேர்க்கப்படாது என்ற சலுகையும் தரப்பட்டது. வரம்பில் சேராவிட்டாலும் வட்டி சேராமல் போகாது. அது ஒவ்வோர் ஆண்டும் பள்ளி, மருத்துவமனைச் செலவுகளோடு போட்டியிடும் வருவாய்ச் செலவாகவே நிற்கிறது.

நான்காம் சுற்று கரோனா காலத்தில் வந்தது. 2020 மே மாதம், மின் நிறுவனங்களுக்கு ரூ. 90,000 கோடி கடன் வழங்கப்படும் என மத்திய அரசு அறிவித்தது. பொதுத்துறை மின் நிதி நிறுவனங்களான பிஎஃப்சி, ஆர்இசி ஆகியவை கடன் கொடுக்கும். ஈடு, மாநில அரசின் உத்தரவாதம். முந்தைய உத்தரவாதங்கள் கடனாகி ஐந்து ஆண்டுகளுக்குள் புதிய உத்தரவாதங்கள் எழுதப்பட்டன.

இந்த நான்கு சுற்றுகளிலும் மாநில அரசின் உத்தரவாதம் முறைப்படி அமலாக்கப்பட்டுப் பணம் வசூலிக்கப்பட்டது என்ற நிலை பெரும்பாலும் எழவே இல்லை. அதற்கு முன்பே மறுசீரமைப்பு என்ற பெயரில் கடன் இடம் மாறிவிடுகிறது. எனவே ‘இதுவரை எந்த உத்தரவாதமும் அமலாக்கப்படவில்லை’ என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி இருந்தால் அதை ஆபத்தில்லை என்பதற்கான சான்றாகக் கொள்ள இயலாது.

கடன் கொடுப்பவர்களின் பக்கம்

மாநில அரசின் உத்தரவாதம் உள்ள கடனுக்கு வங்கிகள் 20 சதவீத ஆபத்து எடை மட்டும் கணக்கிட்டால் போதும் என்பது ரிசர்வ் வங்கியின் மூலதன விதி. அதே நிறுவனத்துக்கு உத்தரவாதமின்றிக் கடன் கொடுத்தால், தர மதிப்பீடு பலவீனமாக இருக்கும் நிலையில், 100 சதவீதமோ அதற்கு மேலோ எடை கணக்கிட்டு அதற்கேற்ற மூலதனத்தை ஒதுக்க வேண்டும். மத்திய அரசின் உத்தரவாதமாக இருந்தால் எடை பூஜ்யம். ஆகவே திட்டம் வருவாய் ஈட்டுமா என்று ஆராய்வதைவிட, உத்தரவாதக் கடிதம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பதே வங்கிக்கு மலிவாகிறது. வங்கி அதிகாரிகளைக் குறை கூறிப் பயனில்லை; விதி அவர்களை அந்தப் பக்கமே தள்ளுகிறது.

இதற்கு மாற்று, இழப்பில் ஒரு பங்கை வங்கியின் தலையிலும் வைப்பது. சிறு தொழில் கடன்களுக்காக 2000-இல் தொடங்கப்பட்ட கடன் உத்தரவாத நிதியம் அந்த முறையில் இயங்குகிறது. அது கட்டணம் வசூலிக்கிறது; இழப்பு முழுவதையும் ஏற்காமல் பெரும்பகுதியை மட்டும் ஏற்கிறது. தன் பணமும் போகும் என்றால் வங்கி கவனமாகக் கடன் கொடுக்கும்.

2024-இன் பரிந்துரைகள்

அரசியல் சட்டத்தின் 292-ஆவது பிரிவு மத்திய அரசுக்கும், 293-ஆவது பிரிவு மாநிலங்களுக்கும் தொகு நிதியின் பிணையில் உத்தரவாதம் வழங்கும் அதிகாரத்தை அளிக்கின்றன. வரம்பு விதிக்கும் உரிமை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் உண்டு. 2003-ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டப்படி, மத்திய அரசு ஓராண்டில் வழங்கும் கூடுதல் உத்தரவாதம் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கர்நாடகம் 1999-லேயே தனிச் சட்டம் இயற்றி, நிலுவை உத்தரவாதங்களை முந்தைய ஆண்டுக்கு முந்தைய ஆண்டின் வருவாய் வரவுகளில் 80 சதவீதத்துக்குள் நிறுத்தியது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் அளவுகோல் வேறு; எது உத்தரவாதம் என்ற வரையறையும் வேறு.

இந்த வேறுபாடுகளைக் களைய ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழுவின் அறிக்கை 2024 ஜனவரி 16-ஆம் தேதி வெளியானது. உத்தரவாதம், ஆறுதல் கடிதம் என்று பெயர் எதுவாயினும், பின்னாளில் மாநிலம் பணம் கொடுக்க நேரும் எந்த ஆவணமும் உத்தரவாதமாகவே கணக்கிடப்பட வேண்டும் என்கிறது அறிக்கை. ஓராண்டில் புதிதாக வழங்கும் உத்தரவாதம், வருவாய் வரவுகளில் 5 சதவீதம் அல்லது மாநில மொத்த உற்பத்தியில் 0.5 சதவீதம் இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக்கூடாது. எடுத்துக்காட்டாக, ரூ. 1.5 லட்சம் கோடி வருவாயும் ரூ. 16 லட்சம் கோடி உற்பத்தியும் உள்ள மாநிலத்துக்கு இவ்விரு அளவுகளும் முறையே ரூ. 7,500 கோடி, ரூ. 8,000 கோடி. எனவே உச்சவரம்பு ரூ. 7,500 கோடி.

திட்டக் கடனில் 80 சதவீதத்துக்கு மேல் உத்தரவாதம் கூடாது. வெளிநாட்டு வணிகக் கடன்களுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் அறவே கூடாது. கடன் தவறிய வரலாறு உள்ள நிறுவனத்திடம் கூடுதல் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்பவை பிற பரிந்துரைகள். மொத்த நிலுவை உத்தரவாதத்தில் 5 சதவீத அளவுக்கு ஒரு மீட்பு நிதியைச் சேர்த்துவைக்க வேண்டும் என்றும் குழு கூறியது. இத்தகைய மீட்பு நிதிக்கான திட்டம் ரிசர்வ் வங்கியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகவே உள்ளது. பணம் போடும் அக்கறைதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. நெருக்கடி இல்லாத ஆண்டில் நெருக்கடிக்காகப் பணம் ஒதுக்குவதற்கு எந்தத் தேர்தலிலும் வாக்கு விழுவதில்லை.

இழப்பை முன்கூட்டியே மதிப்பிட்டுப் பட்ஜெட்டில் எழுதுவது இயலாத செயல் அன்று. 2020 மே மாதம் சிறு தொழில்களுக்கான ரூ. 3 லட்சம் கோடி அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோதே, மத்திய அமைச்சரவை ரூ. 41,600 கோடியை நான்கு நிதியாண்டுகளில் ஒதுக்க முடிவு செய்தது. மொத்த உத்தரவாதத்தில் ஏறத்தாழ 14 சதவீதம் கைவிட்டுப் போகலாம் என்ற மதிப்பீட்டை அரசு வெளிப்படையாக எழுதிவைத்தது என்பதே இதன் பொருள். மதிப்பீடு மிகையா குறையா என்பது வேறு விவாதம். நூறு சதவீத உத்தரவாதம் என்பதால் வங்கிகள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் அபாயமும் இருந்தது. அதைத் தடுக்க, 2020 பிப்ரவரி 29 அன்று கணக்கு ஓரளவு ஒழுங்காக இருந்தவர்களுக்கு மட்டும், அதுவும் ஏற்கெனவே இருந்த கடன் நிலுவையில் 20 சதவீதம் வரை மட்டும் என எல்லை வகுக்கப்பட்டது. வாராக்கடன்களை வாங்கும் தேசியச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்தின் பத்திரங்களுக்கு 2021-இல் ரூ. 30,600 கோடி உத்தரவாதம் அளித்தபோது, நாள் ஆக ஆகக் கட்டணம் உயரும் என நிபந்தனை வைக்கப்பட்டது. தாமதத்துக்கும் விலை வைத்த ஏற்பாடு அது.

எழுதாத வாக்குறுதிகள்

கையெழுத்தே போடாத கடமைகளும் உண்டு. யூனிட் டிரஸ்ட் நிறுவனத்தின் யுஎஸ்-64 திட்டத்துக்கு அரசு சட்டப்படி உத்தரவாதம் எதுவும் தந்திருக்கவில்லை. 2001 ஜூலையில் அத்திட்டத்தின் யூனிட் விற்பனையும் மறுகொள்முதலும் நிறுத்தப்பட்டு, ஓய்வூதியர்களும் நடுத்தரக் குடும்பங்களும் திகைத்தபோது, அரசு ஒதுங்கி நிற்க இயலவில்லை. அடுத்த ஆண்டே மீட்புத் திட்டம் அறிவிக்க நேர்ந்தது. அதன் சொத்துகளாக அரசிடம் வந்த ஐடிசி, எல் அண்டு டி, ஆக்சிஸ் வங்கிப் பங்குகள் பின்னாளில் நல்ல விலைக்குப் போயின என்பது எவரும் திட்டமிடாத பேறு.

வழக்குகள் இன்னொரு வகை. முன்தேதியிட்ட வரி தொடர்பான வழக்கில் கெய்ர்ன் எனர்ஜி நிறுவனத்துக்கு 120 கோடி டாலர் வழங்க வேண்டும் என 2020 டிசம்பரில் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜூலையில் பாரிஸில் உள்ள இந்திய அரசுச் சொத்துகளை முடக்கும் பிரெஞ்சு நீதிமன்ற உத்தரவு வெளியே தெரிந்தபோதுதான் இதன் வீச்சு பலருக்கும் புரிந்தது. ஆகஸ்டில் சட்டம் திருத்தப்பட்டது. 2022 பிப்ரவரியில் சுமார் ரூ. 7,900 கோடி திருப்பித் தரப்பட்டது.

பெயரளவில் உத்தரவாதம், உண்மையில் கடன்

இவை அனைத்தினும் சிக்கலானது, சொந்த வருவாய் இல்லாத அரசு நிறுவனத்துக்கு அளிக்கப்படும் உத்தரவாதம். கடன் வாங்கும் நிறுவனத்துக்கு வருமானமே இல்லையென்றால், ‘அது தவறினால்’ என்ற நிபந்தனைக்குப் பொருள் இல்லை. முதல் தவணையிலிருந்தே கட்டப்போவது அரசுதான். அதை நிகழ்வுசார் பொறுப்பு என எழுதுவது கணக்கியல் நாகரிகம் மட்டுமே.

தெலங்கானாவின் காலேஸ்வரம் பாசனத் திட்டத்துக்கெனத் தனி நிறுவனம் அமைத்து, அதன் பெயரில் மாநில உத்தரவாதத்துடன் பெருங்கடன் வாங்கப்பட்டது. வருவாய் ஈட்டாத அந்த நிறுவனத்தின் கடனை அடைக்க மாநில பட்ஜெட்டையே நம்ப வேண்டியிருப்பதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. 2023 அக்டோபரில் அத்திட்டத்தின் மேடிகட்டா தடுப்பணையில் தூண்கள் கீழிறங்கின. அணை பழுதானாலும் தவணை நிற்பதில்லை.

மத்திய அரசும் இதற்கு விலக்கன்று. இந்திய உணவுக் கழகத்துக்குத் தர வேண்டிய மானியத்தை முழுமையாகத் தராமல், தேசியச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து அக்கழகத்தைக் கடன் வாங்க வைத்தது. 2021 பிப்ரவரியில் தாக்கலான பட்ஜெட்டில் அந்தக் கடன் நேரடிக் கணக்குக்குக் கொண்டுவரப்பட்டபோது, 2020-21-க்கான உணவு மானியம், கரோனா கால இலவசத் தானியச் செலவும் சேர்ந்து, சுமார் ரூ. 1.16 லட்சம் கோடியிலிருந்து ரூ. 4.22 லட்சம் கோடியாகத் திருத்தப்பட்டது. பல ஆண்டுகளாக வேறு கணக்கில் இருந்த கடன் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தது. தாமதமாகவேனும் அதைச் செய்தது சரியான நடவடிக்கையே.

கேரளத்துடனான மோதலின் மையமும் இதுதான். அம்மாநில உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம், 2019-இல் மாநில உத்தரவாதத்துடன் லண்டன் பங்குச் சந்தையில் ரூ. 2,150 கோடி மசாலா பத்திரங்களை 9.723 சதவீத வட்டியில் வெளியிட்டது. மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும் பெட்ரோலிய மேல்வரியும் வாரியத்துக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. மாநில பட்ஜெட்டிலிருந்து அடைக்கப்படும் எந்த நிறுவனக் கடனையும் மாநிலத்தின் கடனாகவே கருதி, கடன் வரம்பில் கழிப்பதென மத்திய அரசு 2022-இல் முடிவெடுத்தது. வாரியம் தனிச் சட்ட அமைப்பு, மாநிலம் ஜாமீன்தாரர் மட்டுமே என்கிறது கேரளம். மத்திய அரசின் நிறுவனங்கள் வாங்கும் கடனுக்கு அதே அளவுகோல் ஏன் இல்லை என்றும் கேட்கிறது. பொருளியல் நோக்கில் முதல் வாதம் பலவீனமானது. இரண்டாவது கேள்வியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட இயலாது.

131-ஆவது பிரிவின்கீழ் கேரளம் தொடர்ந்த வழக்கில் இடைக்கால நிவாரணம் அளிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், மாநிலங்களின் கடன் உரிமை குறித்த 293-ஆவது பிரிவின் பொருள் இதுவரை அதிகாரபூர்வமாக விளக்கப்படவில்லை எனக் கூறி, 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி அதை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.